கஜானாச் சாவி

இங்கிலாந்து மன்னர்களின் எதேச்சாதிகாரம் எப்போது ஒடுங்கியது என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்று வரும். முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்ட 1649 என்பார்கள் சிலர். உரிமைச் சட்டம் நிறைவேறிய 1689 என்பார்கள் மற்றவர்கள். என் பார்வையில் இரண்டும் அரைகுறை விடைகளே. மன்னரை உண்மையில் பணியவைத்தது, சுங்க வருவாயை அவருக்கு எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கலாம் என்று 1690இல் நாடாளுமன்றம் எடுத்த முடிவு. வரலாற்றுப் பாடங்களில் அது ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை.

முதலில் சட்டத்தின் வலிமையைப் பார்ப்போம். நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி வரி விதிக்கக் கூடாது, காரணம் காட்டாமல் எவரையும் சிறையிலடைக்கக் கூடாது என்று கூறிய உரிமை மனுவை 1628இல் சார்லஸ் ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டே நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு, பதினொரு ஆண்டுகள் அதைக் கூட்டாமலே ஆண்டார். ஆபத்துக் காலத்தில் கடலோர ஊர்களிடம் வாங்கும் வழக்கமிருந்த கப்பல் வரியை, கடலையே காணாத உள்நாட்டு மாவட்டங்களின் மீதும் 1635இல் சுமத்தினார். பக்கிங்ஹாம்ஷயர் நிலக்கிழார் ஜான் ஹாம்ப்டன் தம் பங்குக்கு வந்த 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்தார். அவரைப் போன்ற செல்வந்தருக்கு அது ஒரு தொகையே அல்ல; கேட்கும் உரிமை மன்னருக்கு உண்டா என்பதே வழக்கு. பன்னிரண்டு நீதிபதிகளில் ஏழு பேர் மன்னரின் பக்கம் தீர்ப்பளித்தனர். அவர்களை நியமிப்பதும் நீக்குவதும் மன்னர் கையில் இருந்ததை நினைத்தால், ஐந்து பேர் மாறுபட்டதே பெரிய செய்தி. உரிமை மனு ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது.

வாள் மட்டும் என்ன சாதித்தது? உள்நாட்டுப் போர், மன்னர் கொலை, நாடாளுமன்றப் படைத் தளபதி கிராம்வெல்லின் ஆட்சி எல்லாம் முடிந்து 1660இல் முடியாட்சி திரும்பியது. தந்தையின் தலை எப்படிப் போனது என்று நன்கறிந்த இரண்டாம் சார்லஸ், தம் கடைசி நான்கு ஆண்டுகளை நாடாளுமன்றம் இல்லாமலே ஓட்டினார். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அதைக் கூட்ட வேண்டும் என்று 1664ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. கூட்டாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. வணிகம் பெருகிச் சுங்க வருவாய் உயர்ந்தது, பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி இரகசியமாகப் பணம் கொடுத்தார்; இவ்விரண்டும் இருக்கும்போது நாடாளுமன்றம் எதற்கு?

1685இல் பட்டமேற்ற இரண்டாம் ஜேம்ஸுக்குச் சுங்க வருவாயை ஆயுட்காலத்துக்கும் எழுதிக்கொடுத்தது, அவர்மீது நம்பிக்கை வைத்திருந்த நாடாளுமன்றமே. அவர் படையைப் பெருக்கினார். அதே ஆண்டு நவம்பரில் அவையை ஒத்திவைத்தார். பிறகு அதைச் சந்திக்கவே இல்லை. புராட்டஸ்டண்ட் நாட்டில் கத்தோலிக்க அதிகாரிகள் நியமனம், தம் ஆணையை எதிர்த்த ஏழு ஆயர்கள் மீதான வழக்கு என்று பகை முற்றி, 1688 நவம்பர் 5 அன்று ஜேம்ஸின் மருமகனான ஆரஞ்சு இளவரசர் வில்லியம் டச்சுப் படையோடு டார்பே கரையில் இறங்கினார். தப்பியோடிய ஜேம்ஸ், அரச முத்திரையைத் தேம்ஸ் ஆற்றில் வீசினார். முத்திரை இல்லாவிட்டால் முறைப்படி நாடாளுமன்றத்தைக் கூட்ட முடியாது என்பது அவர் கணக்கு. முத்திரை இல்லாமலே கூடிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஒப்புதலின்றி வரி கூடாது, அமைதிக்காலத்தில் ஒப்புதலின்றி நிலைப்படை கூடாது, அவையில் பேசியதற்காக நீதிமன்றத்தில் கேள்வி கூடாது என்பவை அருமையான விதிகள். ஆனால் மன்னர் மீறினால் என்ன என்ற கேள்விக்கு, 1628ஆம் ஆண்டு மனுவைப் போலவே அதிலும் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தந்தது அடுத்த ஆண்டு. ஜேம்ஸிடம் பட்ட பாட்டை மறவாத உறுப்பினர்கள், ஜேம்ஸுக்குப் பதிலாக அரியணை ஏறிய வில்லியமுக்கும் அவர் மனைவி மேரிக்கும் சுங்க வருவாயை நான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே கொடுத்தனர். நாட்டைக் காப்பாற்ற அழைக்கப்பட்ட தமக்கு, ஓடிப்போனவருக்குக் கிடைத்த நம்பிக்கைகூட இல்லையா என்று வில்லியமுக்குக் கசந்ததில் வியப்பில்லை. பிரான்சுடனான போரோ பணத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. படையில் ஒழுக்கத்தைக் காக்கும் அதிகாரத்தைத் தந்த கலகச் சட்டமும் குறுகிய காலத்துக்கே இயற்றப்பட்டு, மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. மன்னரின் குடுமி இப்படித்தான் அவையின் கையில் சிக்கியது. 1689க்குப் பின் நாடாளுமன்றம் கூடாத ஆண்டே அந்நாட்டில் இல்லை.

கடன் கொடுத்தவர்களும் இதைப் புரிந்துகொண்டனர். 1672இல் இரண்டாம் சார்லஸ் கருவூலத்திலிருந்து கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தியபோது, லண்டனின் பொற்கொல்லர்-வங்கியர் பலர் நொடித்துப்போயினர். 1694இல் இங்கிலாந்து வங்கி தொடங்கப்பட்டு, 12 லட்சம் பவுண்டு 8 சதவீத வட்டிக்கு அரசுக்குக் கடனாகக் கிடைத்தது. வட்டிக்கு ஈடாக நின்றது நாடாளுமன்றம் சட்டமியற்றி ஒதுக்கிய வரி.

இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமானது என்பதை 1699இல் காணலாம். போர் முடிந்ததும் இங்கிலாந்தில் 7,000 வீரர் போதும், அவர்களும் மன்னரின் சொந்தக் குடிகளாக இருக்க வேண்டும் என்று அவை முடிவெடுத்தது. 1688 டிசம்பரில் ஒயிட்ஹால் அரண்மனைக் காவலை ஏற்ற டச்சு மெய்க்காவலர்களையாவது தம்முடன் விட்டுவைக்கும்படி வில்லியம் கேட்டுக்கொண்டார். மறுத்துவிட்டனர். நாட்டை விட்டே போய்விடுவதாக ஓர் உரையை அவர் எழுதியும் வைத்தார்; அதைப் படிக்கவில்லை. படையோடு வந்து முடியை வென்றவரால் தம் மெய்க்காவலரை வைத்துக்கொள்ள முடியவில்லை.

இதையெல்லாம் மக்களாட்சி என்று கொண்டாடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவையில் இருந்தவர்கள் பெரும்பாலும் நிலவுடைமையாளர்கள். வாக்குரிமை மிகச் சிலருக்கே இருந்தது. தம் வரிப்பணத்தைக் காப்பதே அவர்கள் முதல் அக்கறை. கத்தோலிக்கர்கள் அரியணைக்கு வரத் தடை விதித்தனர், அது இன்றும் நீடிக்கிறது. 1688 மாற்றத்துக்கு வழங்கும் இரத்தம் சிந்தாப் புரட்சி என்ற பெயரை, 1690இல் பாய்ன் ஆற்றங்கரையில் ஜேம்ஸுக்கும் வில்லியமுக்கும் நடந்த போரைக் கண்ட அயர்லாந்திடம் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தச் சுயநலம் கண்டுபிடித்த கருவி அவர்களைத் தாண்டி நிலைத்தது. 1701ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதிகளை நினைத்தபோது நீக்கும் அதிகாரத்தையும் மன்னரிடமிருந்து எடுத்துக்கொண்டது; ஹாம்ப்டனுக்கு அது அறுபது ஆண்டு தாமதம். மசோதாவை மன்னர் மறுத்த கடைசி நிகழ்வு, ராணி ஆனின் ஆட்சியில், 1708இல். பிரிட்டனின் ஆயுதப்படைச் சட்டமோ இன்றும் காலாவதித் தேதியோடுதான் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் புதிய சட்டத்தால் அதைப் புதுப்பித்தாக வேண்டும்.