டாமி ஜான் அறுவை சிகிச்சை பந்தின் வேகத்தைக் கூட்டுமா?

'டாமி ஜான் ஆபரேஷன் செய்தால் பந்து இன்னும் வேகமாகப் போகும், காயமே இல்லாதவர்களும் செய்துகொள்ளலாம்' என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. இது தவறு. பேஸ்பாலில் பந்து வீசுபவர்களின் முழங்கையில் அறுந்த தசைநாருக்குப் பதிலாக, உடலின் வேறு இடத்திலிருந்து எடுத்த தசைநாணை வைத்துக் கட்டும் சிகிச்சைதான் இது. பிள்ளைகளை பேஸ்பால் விளையாட அனுப்பும் பெற்றோரும் இதை நம்புவதுதான் கவலையாக இருக்கிறது.

முதலில், இந்தச் சிகிச்சைக்குப் பெயர் தந்த டாமி ஜானையே பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடதுகைப் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். 1974 ஜூலையில், 13 வெற்றி, 3 தோல்வி என்று நல்ல ஃபார்மில் இருந்தபோது முழங்கையின் உள்பக்கத் தசைநார் அறுந்தது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் வலது மணிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்பில் துளை போட்டுக் கோத்துக் கட்டினார். அப்புறம் நரம்பு பாதித்து விரல்கள் மடங்கிக்கொண்டன, மறுபடியும் ஆபரேஷன். 1975 சீசன் முழுவதும் போனது.

1976இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். மொத்தம் 288 வெற்றிகள், அதில் 164 சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. ஆனால் அவர் வேகத்தை நம்பியவரே இல்லை. கடைசி நேரத்தில் கீழே இறங்கும் 'சிங்க்கர்' பந்துதான் அவருடைய பலம்.

சிலர் வேகம் கூடித் திரும்புகிறார்கள், சரி. அதற்குக் காரணம் ஓராண்டுக்கு மேல் எடுக்கும் ஓய்வும் உடற்பயிற்சியும்தான். அறுந்த நாரைச் சரிசெய்யும் வைத்தியம் இது. நல்ல கையில் கத்தி வைக்க இதில் எந்த நியாயமும் இல்லை.