பத்து ஐபி போனுக்கு 100 எம்பிபிஎஸ் தேவையில்லை

பத்து ஐபி போன் (இணையம் வழியாகப் பேசும் போன்) வைக்க 100 எம்பிபிஎஸ் லைன் கட்டாயம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கணக்கு அப்படி வராது. ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறைகளில் ஒன்று) குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட். 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட்டாக, அதாவது சிறு தரவுத் துண்டாகப் போகும்போது, ஹெடர் (ஒவ்வொரு பாக்கெட்டிலும் சேரும் முகவரித் தகவல்) எல்லாம் சேர்த்தாலும் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்கு 87 கிலோபிட் அளவுதான். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு 1000 கிலோபிட்) தாண்டாது. குரலை இன்னும் சுருக்கி அனுப்பும் ஜி.729 கோடெக் என்றால் அதில் பாதிகூட ஆகாது.

குரல் விட்டுவிட்டுக் கேட்பது பெரும்பாலும் அப்லோடு நெரிசலால். எங்கள் அலுவலகத்தில் சாயங்காலம் பேக்கப் ஓடத் தொடங்கினால் போதும், மறுமுனையில் “ஹலோ, ஹலோ”தான். லைனை மாற்றவில்லை, ரூட்டரில் குரல் பாக்கெட்டுக்கு முன்னுரிமை கொடுத்தோம், சரியாகிவிட்டது. அப்புறம், ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதென்றால் அது வேகப் பிரச்சினையே இல்லை. ரூட்டரில் சிப் ஏஎல்ஜியை (SIP ALG, அழைப்புத் தகவலை ரூட்டரே இடையில் மாற்றும் வசதி) அணைத்துப் பாருங்கள்.