மின்சாரச் சூளை வந்தால் சுண்ணாம்பில் கார்பன் பூச்சியமா?

கொழும்பு பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “உருக்கு ஆலைக்குச் சுண்ணாம்பு சுடும் சூளையை சோலார் மின்சாரத்துக்கு மாற்றினால் கார்பன் வெளியேற்றம் பூச்சியம்.” பாதிதான் சரி.

நிலக்கரியை நிறுத்தினால் அதன் புகை நிற்கும், உண்மை. ஆனால் இங்கே பெரிய பங்கு கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் அது பிரியும். தூய கல் 100 கிலோ போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கார்பன் டைஒக்சைட்டாகப் பறந்துவிடும். விறகோ கரண்டோ, கணக்கு மாறாது. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்புக்கும் இதே கதைதான்!

“அப்போ சுண்ணாம்பே வேண்டாம்” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் லேசில்லை. உருகிய இரும்பிலுள்ள பொஸ்பரஸ், கந்தகம், சிலிக்கன் ஆகியவற்றைக் கசடாக இழுத்தெடுப்பது அதுதான்.

சரி, வழி? வெளிவரும் வாயுவைப் பிடிப்பது. சாதாரண சூளையில் அது எரிபொருள் புகையோடும் காற்றோடும் கலந்துவிடும், பிரிப்பது செலவு. கல்லை மூடிய குழாய்க்குள் வைத்து வெளியிலிருந்து சூடாக்கினால் ஏறக்குறைய தூய வாயுவே வரும். பெல்ஜியத்தின் லிக்ஸ் ஊரில் 2019இல் இப்படியொரு சோதனை ஆலை இயங்கத் தொடங்கியது. இப்படி வெளியிலிருந்து சூடாக்க மின்சாரத்தைப் பயன்படுத்தலாம்; அது உதவுவதும் இந்த இடத்தில்தான். பிடித்த வாயுவை நிலத்தடியில் சேமிக்கவும் வேண்டும். அந்தச் செலவைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை.