கோரைப்பல்லும் கம்ப்யூட்டர் கணக்கும்

எலும்புக்குள்ள மாட்டுன பல்லை வரிசைக்குக் கொண்டுவர எவ்வளவு விசைல இழுக்கணும்னு கம்ப்யூட்டரே சொல்லிடும்னு உங்க கட்டுரைல எழுதியிருக்கீங்க, பாதிதான் சரி. நாங்க குன்னூர், என் பொண்ணுக்கு மேல் கோரைப்பல் அண்ணத்துப் பக்கமா படுத்துக்கிட்டு வெளிய வரவே இல்ல, மாசாமாசம் அந்த கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி மேட்டுப்பாளையம் வழியா கோயம்புத்தூர் போய்தான் கிளிப்பு டைட் பண்ணிட்டு வருவோம், வழியில பாப்பா வாந்தி வேற. டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க, பல்லையும் தாடையையும் முப்பரிமாணமா காட்டுற சிபிசிடி ஸ்கேன்ல இருந்து பல்லு எலும்பு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஆயிரக்கணக்கான குட்டித் துண்டா பிரிச்சு எங்க அழுத்தம் ஏறுதுன்னு பாப்பாங்களாம், ஃபைனைட் எலிமென்ட்னு பேரு. ஆனா பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல இருக்குற சவ்வு சுமாரா 0.2 மில்லிமீட்டர்தான், அதை இந்த மாதிரி பல கம்ப்யூட்டர் மாடல்ல ரொம்ப சிம்பிளா வச்சுடுறாங்க, அதுவுமில்லாம பெரும்பாலும் இழுத்த அந்த நொடி நிலவரம்தான் தெரியும், மாசக்கணக்குல எலும்பு கரைஞ்சு மறுபடி வளர்றது தெரியாது. எம் பொண்ணுக்கு சின்ன செயின் ஒட்டி இழுத்தது சுமார் 60 கிராம் விசை, ஒரு கோழிமுட்டை கனம், அவ்ளோதாங்க! என்னைக் கேட்டா மாடலோட நிஜ உபயோகம் எந்தப் பக்கமா இழுத்தா முன்பல் வேர்ல இடிக்காது, எதிர்விசை பக்கத்துப் பல்லை எவ்வளவு அசைக்கும்ங்கறதுலதான். கட்டுரைல அதைப் பத்தி ஒரு வரிகூட காணோமே?