பேருந்துக் கட்டணம் ஏறினால் யாரைக் கேட்பது?

சிங்கப்பூரில் பேருந்துக் கட்டண உயர்வு அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே வசனம் சுற்றிவரும்: "கம்பெனிக்காரன் லாபம் பார்க்க நம்ம பையில கை விடுறான்." 2025 டிசம்பர் 27 முதல் கட்டணம் 5 விழுக்காடு ஏறியபோதும் இதேதான். உறவினர் குழுவில் நான் மறுத்து எழுதப் போய், "அண்ணே, நீங்க இப்ப அவங்க பக்கமா?" என்று கேட்டுவிட்டார்கள். யார் பக்கமும் இல்லை. ஆனால் இதைக் குழுவில் இரண்டு வரியில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அப்போது பேருந்துகளை ஓட்டிய எஸ்பிஎஸ் டிரான்சிட், எஸ்எம்ஆர்டி இரண்டும் பங்குச் சந்தையில் இருந்த நிறுவனங்கள். பேருந்து அவர்களுடையது, கட்டணமும் அவர்களுக்கே போனது. கூட்டம் தாங்கவில்லை என்று 2012 வரவுசெலவுத் திட்டத்தில் அரசாங்கம் 1.1 பில்லியன் வெள்ளி ஒதுக்கியது. 550 பேருந்துகளை வாங்கவும் அவற்றைப் பத்தாண்டு ஓட்டவும் அந்தப் பணம். லாபம் பார்க்கும் நிறுவனத்துக்கு வரிப்பணத்தில் வண்டியா என்று அப்போது நாடாளுமன்றம் வரை கேள்வி போனது. கேட்க வேண்டிய கேள்விதான்.

2016 செப்டம்பர் 1 முதல் கதை வேறு. பேருந்துகளும் பணிமனைகளும் அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டன. எந்தத் தடத்தில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று தீர்மானிப்பது அரசாங்கத்தின் நிலப் போக்குவரத்து ஆணையம். நாம் அட்டையைத் தட்டும்போது கழியும் காசும் ஆணையத்துக்குத்தான் போகிறது. நிறுவனங்கள் ஏலக்குத்தகையில் போட்டியிட்டு, ஒரு வட்டாரத்தின் சேவைகளை ஒப்பந்தத் தொகைக்கு ஓட்டிக் கொடுக்கின்றன. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு, நன்றாக ஓட்டினால் இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு. வண்டி நேரத்துக்கு வருகிறதா என்று பார்த்து ஊக்கத்தொகையும் உண்டு, அபராதமும் உண்டு. ஆனால் வண்டியில் எண்பது பேர் ஏறினாலும் எட்டுப் பேர் ஏறினாலும் ஓட்டும் நிறுவனத்துக்குக் கிட்டத்தட்ட அதே பணம்தான்.

செம்பவாங், ஈசூன் வட்டாரச் சேவைகள் 2021இல் எஸ்எம்ஆர்டியிடமிருந்து டவர் டிரான்சிட்டுக்குக் கைமாறின. தெம்பனிஸ் சேவைகள் 2024இல் எஸ்பிஎஸ் டிரான்சிட்டிடமிருந்து கோ-அஹெட்டுக்குப் போயின. நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? வண்டி அதே வண்டி, பச்சை அதே பச்சை. ஓட்டுநரும் பெரும்பாலும் அதே ஆள்தான். முன்பிருந்ததைவிடக் குறையாத நிபந்தனைகளில் அவருக்கு வேலை கொடுக்க முன்வர வேண்டும் என்பது புதிய நிறுவனத்துக்கு விதி. (விடியற்காலையில் ஜோகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வந்து முதல் வண்டியை எடுக்கும் தமிழ் ஓட்டுநர்களுக்கு இந்த விதி எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை யாரும் பேசுவதில்லை. அது தனியாக ஒரு பதிவு கேட்கும் விஷயம்.)

ஆக, கட்டணம் ஏறினால் நிறுவனத்தின் லாபம் நேராக ஏறப் போவதில்லை. ஏறாமல் இருந்தால் அந்தப் பள்ளத்தை நிரப்புவது நம் வரிப்பணம். பேருந்து சேவைகளுக்கு மட்டும் அரசாங்கம் ஆண்டுக்குச் சுமார் ஒரு பில்லியன் வெள்ளி மானியம் கொடுக்கிறது. 2024 கட்டண மறுஆய்வில், கட்டண உயர்வைக் கணக்கிடும் சூத்திரப்படி 18.9 விழுக்காடு வரை ஏற்ற இடமிருந்தது. கட்டணத்தை முடிவு செய்யும் பொதுப் போக்குவரத்து மன்றம் 6 விழுக்காடு ஏற்றிவிட்டு மீதி 12.9 விழுக்காட்டைத் தள்ளிவைத்தது. அந்த இடைவெளிக்காக அரசாங்கம் கூடுதலாக 250 மில்லியன் வெள்ளி போட்டது.

என்னைக் கேட்டால், கட்டணத்தை ஏற்றுவதைவிட வரிப்பணத்திலிருந்து இன்னும் கொஞ்சம் போடுவதே சரி. பத்துக் காசு பெரிதில்லை என்று சொல்பவர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறை பேருந்தில் ஏறுபவர். துப்புரவு வேலைக்கு இரண்டு இடம் மாறி மாறிப் போகும் அக்காவுக்கு அது மாதக் கணக்கில் தெரியும். கட்டணச் சுமையைக் குறைக்கப் பற்றுச்சீட்டு (வவுச்சர்) கொடுக்கிறார்கள், உண்மை. ஆனால் அதற்கு வருமான வரம்பு இருக்கிறது, வரம்புக்குச் சற்று மேலே நிற்பவருக்கு ஒன்றும் கிடையாது. பேருந்தில் ஏறாதவன் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், ஏறாதவனுக்கும்தான் அது ஓடுகிறது. கார் வாங்கத் தேவைப்படும் சிஓஇ உரிமச் சான்றிதழ் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிப் பார்த்த ஊரில், பேருந்தில் இருப்பவர்கள் எல்லாரும் கார் வாங்கினால் சாலை என்ன ஆகும்?

இதுவரை சொன்னது ஆணையத்துக்கு வக்காலத்து போலத் தோன்றலாம். என் குறையே இனிமேல்தான் இருக்கிறது.

167ஆம் எண் பேருந்தை எடுத்துக்கொள்வோம். செம்பவாங்கிலிருந்து அப்பர் தாம்சன், ஆர்ச்சர்ட் வழியாக புக்கிட் மேரா வரை போகும் பழைய, நீளமான தடம். தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை வந்த பிறகு பயணிகள் சுமார் 30 விழுக்காடு குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி, 2023 நவம்பரில் ஆணையம் அதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. டிசம்பரில் கடைசி ஓட்டம் என்றார்கள். சில வாரங்கள்தான் அவகாசம்! மக்கள் கொதித்தார்கள், மனு போட்டார்கள். கடைசியில் அரை மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அது பிழைத்தது.

ஆணையத்தின் வாதம் முட்டாள்தனமானதல்ல. பல பில்லியன் செலவழித்து ரயில் போட்ட அதே தடத்தில் பேருந்தையும் பழையபடி ஓட்டினால் ஒரே வேலைக்கு இரண்டு செலவு. ஆனால் 30 விழுக்காடு போய்விட்டார்கள் என்றால் 70 விழுக்காடு இன்னும் அதிலேயே இருக்கிறார்கள் என்றுதானே பொருள்? பக்கத்தில் குளுகுளு ரயில் இருந்தும் அதை விட்டுவிட்டு இதில் ஏறும் அவர்கள் யார், ஏன் ஏறுகிறார்கள் என்பது அந்த அறிவிப்பைப் படித்தவனுக்குத் தெரியவில்லை.

எங்கள் அத்தைக்கு முழங்கால் வலி. தேக்காவுக்குப் போக ரயில்தான் வேகம் என்று நாங்கள் சொன்னால், "பஸ்ஸுல ஏறினா உக்காந்துக்கிட்டே போயிடுவேன். ரயிலுக்கு எறங்குறது, நடக்குறது, மாறுறது, மறுபடி மேல வர்றது... அதுக்குள்ள என் உசுரு போயிடும்" என்பார். ஆழத்தில் இருக்கும் நிலையங்களில் மின்தூக்கியைத் தேடி நடப்பதே அவருக்கு ஒரு பயணம். ரயிலால் பத்து நிமிடம் மிச்சம் என்று போடும் கணக்கில், எழுபது வயதுக்கு மேல் நடை எத்தனை நிமிடம் ஆகும் என்பது சேர்கிறதா?

நான் கேட்பது இதுதான். பணம் நம்முடையது, வண்டி நம்முடையது, முடிவு ஆணையத்துடையது என்று ஆகிவிட்ட பிறகு, தடம் தடமாகக் கணக்கைக் காட்டுங்கள். இந்தச் சேவையை ஓட்ட ஆண்டுக்கு என்ன செலவாகிறது, கட்டணத்தில் எவ்வளவு வருகிறது, ஏறுபவர்களில் மூத்தோர் எத்தனை பேர், நிறுத்தினால் அவர்களுக்கு எவ்வளவு கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதை நிறுத்துவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே பொதுவில் வையுங்கள். எந்த நிறுத்தத்தில் ஏறுகிறோம், எங்கே இறங்குகிறோம் என்பது வரை நம் அட்டை சொல்லிவிடுகிறது. தகவல் இல்லாமல் இல்லை. கணக்கைப் பார்த்துவிட்டு, "சரி, இது தாங்காது" என்று வட்டாரவாசிகளே ஒப்புக்கொள்ளும் தடங்களும் இருக்கும். இப்போது அந்த வாய்ப்பே இல்லாததால் எல்லா மாற்றமும் பறிப்பாகத்தான் தெரிகிறது.

2024 ஜூலையில் இன்னொரு திட்டம் வந்தது. பேருந்து இணைப்புகளை மேம்படுத்த எட்டு ஆண்டுகளில் 900 மில்லியன் வெள்ளி வரை. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 112 மில்லியன் சொச்சம்; ஏற்கெனவே கொடுக்கும் பேருந்து மானியத்தில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். புதிய வட்டாரங்களுக்குச் சேவை, நகருக்கு நேரே போகும் உச்சநேரப் பேருந்துகள் என்று நல்ல பயன்பாடுகள்தான். புதிய நகரான தெங்காவுக்கு இன்னும் எம்ஆர்டி ரயில் வரவில்லை, அங்கே குடிவந்தவர்கள் பேருந்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். வீடுகள் நிரம்பும் முன்பே அங்கே வண்டி விட்டது சரியான முடிவு. பாதி காலியாக ஓடினாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே காட்டும் பொறுமையைப் பழைய பேட்டைகளிலும் காட்ட வேண்டும் அல்லவா? மூத்தோர் அதிகம் இருப்பது அந்தப் பழைய பேட்டைகளில்தான்.

உங்கள் தடம் குறைக்கப்படுகிறது என்று நிறுத்தத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தால், ஓட்டும் நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் போய்த் திட்டுவதில் பயனில்லை, அவர்கள் கையில் அது இல்லை. ஆணையத்துக்கும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். எத்தனை மணிக்கு ஏறுகிறீர்கள், யாரை அழைத்துப் போகிறீர்கள், ஆணையம் காட்டும் மாற்று வழியில் போனால் எத்தனை நிமிடம் கூடுகிறது என்பதைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். எழுதத் தயங்கும் பெரியவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.