திருநெல்வேலியிலிருந்து கார் அனுப்புகிறவர்கள் ரேட்டுக்கு முன்னால் கேட்க வேண்டியது

கூடங்குளத்தில் இருப்பவருக்கு ராஜஸ்தானின் ராவத்பாட்டாவுக்கோ மகாராஷ்டிராவின் தாராப்பூருக்கோ மாற்றல் வருகிறது. மகேந்திரகிரியில் இருப்பவர் ஸ்ரீஹரிகோட்டா போகிறார். பாளையங்கோட்டையில் படித்த பிள்ளைக்குக் குர்கானில் வேலை. ஆள் ரயில் ஏறிவிடலாம், வீட்டில் நிற்கிற காரை என்ன செய்வது? இணையத்தில் ஏதோ ஒரு படிவத்தில் போன் நம்பரைப் போட்டால் போதும், அன்றைக்கே வரிசையாக அழைப்புகள் வரும். ஆளுக்கு ஒரு ரேட் சொல்வார்கள். நம்மவர்கள் அதில் குறைந்ததைப் பிடித்துக்கொண்டு அட்வான்ஸ் அனுப்பிவிடுகிறார்கள்.

இதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். திருநெல்வேலிக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அண்ணாச்சி, வண்டிய எந்த ஊர்ல வச்சு ட்ரெய்லர்ல ஏத்துவிய?" என்பதுதான். இதற்கு நேரான பதில் வராத இடத்தில் ரேட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

காரணம் எளிது. கார் ஏற்றும் ட்ரெய்லர்கள் நிற்பது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், பெங்களூரு போன்ற இடங்களில். கார் ஆலைகள் பலவும் அந்தப் பக்கங்களில்தான் இருக்கின்றன. நம் ஊருக்கு வருவது ஷோரூமுக்குப் புது வண்டி இறக்க வரும் ட்ரெய்லர்தான். இறக்கியதும் திரும்பிவிடும், ஒற்றைக் காருக்காக வண்ணார்பேட்டையிலோ தாழையூத்திலோ நாள்கணக்கில் நிற்காது. அதனால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒரு டிரைவர் வந்து சாவியை வாங்கி, உங்கள் காரை மதுரைக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓட்டிக்கொண்டு போவார். மதுரை என்றால் 160 கிலோமீட்டர். சென்னையும் பெங்களூரும் ஏறக்குறைய 600. "டோர் டு டோர்" என்று விற்கப்படுவதன் முதல் பகுதி, முன்பின் தெரியாத ஒருவர் நாலுவழிச் சாலையில் உங்கள் காரை ஓட்டுவதுதான்.

அந்தத் தூரத்தில் வண்டி சரக்கு அல்ல, சாலையில் ஓடும் வாகனம். யார் மீதாவது மோதினால் வழக்கில் ஆர்.சி.யில் இருக்கும் உங்கள் பெயரும் வரும். டிரைவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லையென்றால் சிக்கல் இரட்டிப்பு. கேமராவில் விழும் அபராதமும் உங்கள் கணக்குத்தான். சரக்குக்காக எடுத்த டிரான்சிட் இன்சூரன்ஸ், கார் தன் சக்கரத்தில் ஓடும்போது பொருந்துமா என்பதைப் பாலிசியில் தேடிப் படிக்க வேண்டும்.

என் யோசனை, முடிந்தவர்கள் மதுரையில் ட்ரெய்லரில் ஏற்றும் யார்டு வரைக்கும் தாங்களே ஓட்டிச் சென்று கொடுங்கள். ட்ரெய்லரைக் கண்ணால் பார்த்து, அதன் நம்பரைப் படம் எடுத்து, ஏற்றும்வரை நின்றுவிட்டு பஸ்ஸில் திரும்பலாம். போக முடியாதவர்கள் கிளம்பும்போது கிலோமீட்டர் ரீடிங்கையும் டிரைவரின் லைசென்ஸையும் படம் எடுத்து வையுங்கள். எந்த யார்டு வரைக்கும் ஓட்டப்படும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

பாஸ்டேக்கைக் கவனித்தால் நிறையத் தெரியும். மூடிய கன்டெய்னருக்குள் இருக்கும் காரின் டேக்கை டோல்கேட் கருவி படிப்பது கடினம், சுற்றிலும் தகரம். மூடிய வண்டியில் ஏற்றியாயிற்று என்று சொன்ன பிறகும் டோல் பிடித்த மெசேஜ் வந்துகொண்டே இருந்தால், கார் ஓட்டப்படுகிறது என்றே சந்தேகிக்க வேண்டும், உடனே போன் போடுங்கள். திறந்த ட்ரெய்லர் என்றால் கதை வேறு. கண்ணாடியில் இருக்கும் டேக்கைக் கருவி படித்துவிடலாம், ட்ரெய்லரின் கட்டணத்தோடு உங்கள் பணமும் போகும். அதற்கு ஏற்றியதும் டேக்கின் மேல் அலுமினியத் தாளை ஒட்டிவிட்டால் போதும்.

அடுத்தது, நீங்கள் பேசிக்கொண்டிருப்பது யாரிடம்? போன் நம்பரை விற்கும் இணையதளம் ஒன்று, புரோக்கர் ஒருவர், ட்ரெய்லர் வைத்திருப்பவர் வேறொருவர். புரோக்கர் இருப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். ஜி.எஸ்.டி. எண்ணைக் கேளுங்கள். எண்ணும் எழுத்துமாக 15 இடம் இருக்கும், முதல் இரண்டு மாநிலக் குறி. தமிழ்நாடு 33, கர்நாடகா 29, மகாராஷ்டிரா 27, டெல்லி 07, ஹரியானா 06. "மதுரையில்தான் எங்கள் ஆபீஸ்" என்பவரின் எண் 06 என்று தொடங்கினால் 33-இல் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவுப் பெயர், முகவரி, பதிவான தேதி, பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தானதா எல்லாம் இலவசமாகத் தெரியும். "25 வருட அனுபவம்" என்பவரின் பதிவு போன வருடத்தது என்றால் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெயர்பெற்ற கம்பெனிகளின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்துக்கொண்டு ஏமாற்றுவோர் இந்தத் தொழிலில் நிறைய. பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் பதிவுப் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். தனிநபர் பெயரில் வரும் யு.பி.ஐ.க்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

எல்.ஆர். என்கிற சரக்கு ரசீது இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். அதில் காரின் நம்பர், சேஸிஸ் நம்பர், ட்ரெய்லர் நம்பர், காரின் மதிப்பு எல்லாம் எழுதியிருக்க வேண்டும். மதிப்பு எழுதுவதை அலட்சியம் செய்யாதீர்கள். 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டத்தின்படியும் அதன் விதிகளின்படியும், அதிக மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், போக்குவரத்துக்காரரின் பொறுப்பு பொதுவாக வாடகையின் 10 மடங்கோடு நின்றுவிடும். வாடகை 25,000 ரூபாய் என்றால் இரண்டரை லட்சம். கார் எட்டு லட்சம் பெறும் என்றால் மீதி உங்கள் தலையில்.

இன்சூரன்ஸில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். பில்லில் "இன்சூரன்ஸ்" என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள், பல இடங்களில் அதற்குப் பின்னால் பாலிசியே இருக்காது. காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் உங்கள் கார் நம்பரும் உள்ள சான்றிதழைக் கேளுங்கள். உள்நாட்டுப் போக்குவரத்து (டிரான்சிட்) பாலிசியில் ஏ, பி, சி என மூன்று வகை. சி என்றால் தீயும் மின்னலும் மட்டும். பி-யில் மோதல், கவிழ்தல், பாலம் உடைதல் சேரும். ஏ-தான் பரந்தது. அதிலும் பழைய கார்களுக்குக் கீறலும் நெளிவும் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பலர் அறியாத நல்ல செய்தி ஒன்று: உங்களுடைய சொந்த முழுக் காப்பீட்டுப் பாலிசியிலேயே, வண்டி சாலையிலோ ரயிலிலோ ஏற்றிச் செல்லப்படும்போது ஏற்படும் சேதமும் அடங்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு இது கிடையாது. அனுப்பும் தேதிக்கு முன் பாலிசி முடிகிறதா என்றும் பாருங்கள்.

திறந்ததா மூடியதா என்று கேட்டால், சுமாரான பழைய காருக்குத் திறந்த ட்ரெய்லரே போதும். ஆனால் கீழ்த்தட்டில் நிற்கும் கார் மேல் ஆயில் சொட்டும், மேல்தட்டில் நிற்பதன் மேல் மரக்கிளை உரசும். மூடியதில் மழையும் கல்லும் இல்லை, ஆனால் சுவர் நெருக்கம், கதவைத் திறக்கும்போதே இடிபடலாம். தாழ்ந்த கார் என்றால் ரேம்ப் ஏறும்போது முன் பம்பரின் அடி உரசும், பலகை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். கட்டுவது டயரைச் சுற்றிப் பெல்ட்டாக இருக்கட்டும். சங்கிலியை அடிப்பாகத்தில் மாட்டி இழுத்தால் சஸ்பென்ஷன் கெடும்.

அனுப்பும் முன் காரைக் கழுவுங்கள், அழுக்கில் பழைய கீறலும் புதுக் கீறலும் ஒன்றுபோலத் தெரியும். பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் கூரையும் ரிம்மும் படம் எடுங்கள். பெட்ரோல் கால் டேங்குக்கு மேல் வேண்டாம். உள்ளே துணி, பாத்திரம், அரிசி மூட்டை எதுவும் வேண்டாம், தொலைந்தால் கணக்கில் வராது. ஒரே ஒரு சாவி, ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் நகல் மட்டும். டிசம்பர், ஜனவரியில் வடக்கே மலைப்பக்கம் போகிற கார் என்றால் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருக்கக் கூடாது. உறைந்தால் இன்ஜின் பிளாக்கே விரிசல் விடலாம், நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்கள் மறப்பது இதைத்தான்.

12 மாதத்துக்கு மேல் வெளிமாநிலத்தில் இருக்கப் போகிறீர்கள் என்றால், கார் இங்கே இருக்கும்போதே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28-இல் தடையில்லாச் சான்றுக்கு (என்.ஓ.சி.) எழுதிக் கொடுங்கள். சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதி வேண்டும், கார் போன பிறகு அதற்கு அலைய வேண்டும். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் கடிதமும் வேண்டும். 2021-இல் வந்த பி.எச். (பாரத் வரிசை) பதிவு வைத்திருப்பவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். புக்கிங்கில் சிறு தொகை, ட்ரெய்லரில் ஏற்றி எல்.ஆர். கைக்கு வந்ததும் ஒரு பகுதி, இறக்கிப் பார்த்த பிறகு மீதி. முழுத் தொகையையும் முன்னால் கேட்பவரை விட்டுவிடுங்கள். ஏற்றிய பிறகு "டாக்ஸ்", "என்ட்ரி" என்று சொல்லி மேலும் பணம் பிடுங்குவது ஏமாற்றுக்காரர்களின் பழைய வழி. மொத்தத் தொகையும் எழுத்தில் இருந்தால் எதிர்த்துப் பேசலாம்.

இறக்கும் இடத்தில் இரவானாலும் டார்ச் அடித்துப் பாருங்கள். சேதம் இருந்தால் டெலிவரி ரசீதிலேயே எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், அதையும் படம் எடுங்கள். இழப்பீடு கேட்டு வழக்குப் போடுவதென்றால், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915, ஆன்லைனில் பணம் ஏமாந்திருந்தால் 1930. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனி குர்கானில் இருந்தாலும் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் நீதிமன்றக் கட்டணமும் கிடையாது.