திரும்பிப் போனவர்களின் கணக்கு

நாகர்கோவிலும் ஸ்மார்ட் சிட்டி ஆக வேண்டும் என்று நம்மூர் ஆட்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பக்கத்தில் திருநெல்வேலிக்குக் கிடைத்தது, தூத்துக்குடிக்குக் கிடைத்தது, நமக்கு மட்டும் இல்லையே என்கிற ஆதங்கம் எனக்கும் உண்டு. 2015 ஜூன் 25-இல் மத்திய அரசு அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது நாகர்கோவில் நகராட்சியாக இருந்தது. மாநகராட்சி ஆனது 2019-இல்தான். நாடு முழுக்க 100 நகரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள், தமிழ்நாட்டில் 11. அதில் நாம் வரவில்லை. 2025 மார்ச் 31-ஓடு திட்டமும் முடிந்துபோனது.

திட்டம் முடிந்தாலும் அது பழக்கிவிட்ட முறை இனி எல்லா ஊருக்கும் வரத்தான் போகிறது. சிக்னலில் கேமரா, குப்பை வண்டியில் ஜிபிஎஸ், தண்ணீர்த் தொட்டியில் அளவுமானி, எல்லாத் தகவலும் ஓர் அறையில் பெரிய திரைக்கு வந்து சேரும். அந்த 100 நகரங்களிலும் இப்படிக் கட்டுப்பாட்டு மையங்கள் கட்டியிருக்கிறார்கள். நமக்கும் இன்றோ நாளையோ வரும். வரட்டும், நல்லதுதான். தரவுகளோடு வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். அதன் பலம் எனக்குத் தெரியும். அதன் கண்ணுக்கு எது படாது என்பதும் தெரியும்.

இந்த அமைப்புகள் எல்லாமே சேவை கிடைத்தவரைத்தான் ஒழுங்காகக் கணக்கில் வைக்கின்றன. கிடைக்காமல் திரும்பிப் போனவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர் கணக்கில் இல்லை என்பதாலேயே, அவருக்கு ஒரு பிரச்சினை இருந்தது என்பதும் இல்லாமல் ஆகிவிடுகிறது. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல், மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் அண்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள் இல்லாத ஊரே கிடையாது. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரி ஆலையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து ஓர் எண்ணெய் கசியும். தோலில் பட்டால் பொள்ளிவிடும். சாம்பலோ எண்ணெயோ கையில் தடவிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார்கள். என்ன தடவினாலும் வருடக்கணக்கில் அதே வேலை செய்த கையில் விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து உரிந்து வழவழவென்று ஆகிவிடும். ரேகை இருந்த இடம் மட்டும்தான் மிச்சம்.

2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. போலிக் கார்டையும் கள்ளக் கணக்கையும் ஒழிக்க அது உதவும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து ரேஷன் கடை ஒன்றின் வரிசையில் நான் பார்த்தது வேறு. எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதான அம்மா பெருவிரலை வைத்தார். மிஷின் ஏற்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தார். ஏற்கவில்லை. தலைமுடியில் விரலைத் தேய்த்து, அந்த எண்ணெய்ப் பிசுக்கோடு வைத்தார். பின்னால் நின்ற ஒருவர் ஈரத்துணி கொடுத்தார். ஒவ்வொரு விரலாக வலது கை முடிந்து இடது கைக்கு வந்தார்கள். "எனக்க ரேகையெல்லாம் அண்டி தின்னுட்டு மக்களே" என்றார் அவர், விற்பனையாளர் தம்பியிடம். "பெரியம்மா, வீட்டுல வேற ஆரையாவது கூட்டிட்டு வாருங்க" என்றான் அவன். மகள் கோழிக்கோட்டில் இருக்கிறாளாம். பையை மடித்து இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

ரேகை ஒத்துப்போகாத முயற்சிகள் ஏதோ ஒரு சர்வரில் பதிவாகியிருக்கும். ஆனால் அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார், வெறும் பையோடு போனார் என்பது அங்கே இருக்காது. வேறொரு நாள் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து அரிசி வாங்கியிருந்தால், மாதக் கடைசியில் அவர் 'பொருள் பெற்றவர்' என்றுதான் கணக்கில் வருவார். மேலே இருந்து பார்க்கிற அதிகாரிக்கு எல்லாம் சரியாக நடக்கிறது. அவர் பொய் பார்க்கவில்லை, பாதியைத்தான் பார்க்கிறார்.

ரேகை விழாவிட்டால் வேறு வழியில் பொருள் கொடுக்கலாம் என்று அரசே சொல்லியிருக்கிறது. பல கடைகளுக்குக் கருவிழி பார்க்கிற கருவியும் வந்துவிட்டது. அப்படியும் அந்தத் தம்பி ஏன் கொடுக்கவில்லை? கல்நெஞ்சக்காரன் என்று நான் சொல்ல மாட்டேன். மிஷினில் உள்ள இருப்பும் கடையில் உள்ள இருப்பும் ஒத்துப்போகவில்லை என்றால் அபராதம் அவன் தலையில் விழும். முன்பெல்லாம் கடைக்காரர் ஊர்க்காரராக இருப்பார், இந்தம்மாவை எனக்குத் தெரியும் என்ற ஒரு சொல்லுக்கு அங்கே மதிப்பு இருந்தது. அதில் வேண்டியவர், வேண்டாதவர் என்ற அநியாயமும் இருந்தது, மறக்கவில்லை. இப்போது அந்த அநியாயத்தைக் குறைக்கப் போய், தெரிந்த ஆளைத் தெரியும் என்று சொல்லும் தைரியத்தையும் சேர்த்து எடுத்துவிட்டோம். கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர், அந்தப் பக்கம் நிற்பவர் இரண்டு பேரும் மிஷினைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

பேருந்துக்கு வருகிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாவிட்டாலும் டிக்கெட் உண்டு. எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்ற கணக்கு அரசிடம் சேர்கிறது. அந்தக் கணக்கு அருமையான விஷயம், வாதமே இல்லை. அதே வருடம் டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில் என்ன நடந்தது என்பதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மீன் விற்றுவிட்டு வீட்டுக்குப் போகப் பேருந்தில் ஏறிய ஒரு மூதாட்டியை, நாற்றம் அடிக்கிறது என்று இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்திலேயே நின்று அழுது நியாயம் கேட்டார் அவர். யாரோ எடுத்த காணொளி பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

காணொளி எடுக்க ஆள் இல்லாத அன்று என்ன ஆகியிருக்கும்? இறக்கிவிடப்பட்டவருக்கு டிக்கெட் கிடையாது. டிக்கெட் இல்லாத இடத்தில் தரவும் கிடையாது. மீன் கூடையோடு வருகிற பெண்கள் பேருந்துக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, நமக்கு எதற்கு வம்பு என்று காசு கொடுத்து ஷேர் ஆட்டோவில் போவது கடற்கரை ஊர்களில் புதிதா? நாளைக்கு ஒரு மென்பொருள் உட்கார்ந்து டிக்கெட் கணக்கை மட்டும் பார்த்தால், விடியற்காலையில் அந்த வழித்தடத்தில் கூட்டமே இல்லை, ஒரு ட்ரிப்பைக் குறைக்கலாம் என்றுதான் சொல்லும். கணக்கில் தப்பே இருக்காது. ஆனால் முதலில் இறக்கிவிட்டோம், அப்புறம் ஆள் வரவில்லை என்று வண்டியையும் நிறுத்தினோம் என்றாகும். இது நடந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் தரவே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பவர்களுக்கு ஒக்கி புயலை நினைவுபடுத்துகிறேன். 2017 நவம்பர் 30. நம் கடற்கரை அதை மறக்காது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். புயல் உருவான வேகத்தில், எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கரையிலிருந்து வெகு தூரத்தில் இருந்தார்கள். அங்கே செல்போன் எடுக்காது. புயல் போன பிறகு இன்னொரு கொடுமை தொடங்கியது. யார் யார் எந்தப் படகில் போனார்கள் என்பதற்கு முழுமையான பதிவு கிடையாது. பல படகுகள் இங்கிருந்து கிளம்பியவையே அல்ல, கொச்சியிலிருந்து போனவை. காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசுப் பட்டியலும், தேவாலயப் பங்குகளில் வீடு வீடாக ஏறி இறங்கி எடுத்த பட்டியலும் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஆட்களை முதலில் எண்ணுங்கள், தேடுங்கள் என்பதுதான் அந்தப் போராட்டத்தின் சாரம்.

அந்தப் பங்குப் பட்டியல்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பங்குச் சாமியாரும் நாலு இளைஞர்களும் நோட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பெயர், வயது, படகு, கூடப் போனது யார் என்று எழுதினார்கள். கணினி இல்லை, செயலி இல்லை. ஆனால் அதுவும் தரவுதான். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் ஒருவரையொருவர் தெரியும், தப்பாக எழுதினால் மறுநாள் தெருவில் நிறுத்திக் கேட்பார்கள். ஸ்மார்ட் சிட்டி என்று நான் கனவு காண்பதில் இந்த நோட்டுப் புத்தகத்துக்கு ஓர் இடம் இருக்கிறது.

ஒக்கிக்குப் பிறகு நிறைய மாறியது. கரைக்கு அப்பால் செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன. ஐதராபாத்தில் இருக்கும் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் அலை உயரத்தை முன்கூட்டியே சொல்கிறது. கள்ளக்கடல் வருவதையும் சொல்கிறது. இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், எங்கோ தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை கரையில் வந்து ஏறும். 2024 மே மாத முதல் வாரத்தில் அப்படி ஓர் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த 5 பிள்ளைகளை அலை இழுத்துக்கொண்டு போனது. ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் வந்தவர்கள். தகவல் இருந்தது. செயற்கைக்கோளும் மிதவையும் கணினியும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தன. அலையைப் பார்த்து மக்களே இறங்காதீங்க என்று கையைப் பிடித்து நிறுத்த வேண்டிய கடைசி நூறு அடியில்தான் விட்டுவிட்டோம். கடலோரக் கிராமங்களில் கோயில் மைக்கில் சொன்னால் ஊரே கேட்கும். கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு எந்த மைக்?

வெளிநாட்டிலும் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கனடாவின் டொரண்டோவில் ஏரிக்கரையோரம் ஒரு பகுதியைச் சென்சார்களால் நிறைத்து எதிர்கால நகரமாகக் கட்டுவதற்கு, கூகுளின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்த சைடுவாக் லேப்ஸ் 2017-இல் வந்தது. இந்தத் தகவலெல்லாம் யாருக்குச் சொந்தம் என்று ஊர் மக்கள் கேட்டார்கள். ஆலோசகராக இருந்த தனியுரிமை வல்லுநர் ஆன் கவுக்கியன் 2018-இல் விலகினார். 2020 மே மாதம் கொரோனா காலத்துப் பொருளாதார நிலையைக் காரணம் சொல்லி நிறுவனமே திட்டத்தைக் கைவிட்டது. நமக்கும் 2017-இல் தனியுரிமை அடிப்படை உரிமை என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கின்றன. சட்டம் அரசுக்குத் தாராளமாக விலக்கு கொடுத்திருக்கிறது என்பது தனியாகப் பேச வேண்டியது. ஆனால் ரேஷன் வரிசையில் நிற்கிற அந்த அம்மாவுக்கு இதெல்லாம் எட்டாது. அவருக்கு வேண்டியது, இன்றைக்கு ஏன் அரிசி கிடைக்கவில்லை என்பதை ஒரு மனிதர் எழுதிக்கொள்வதும், அதை இன்னொரு மனிதர் படித்துப் பார்ப்பதும்.

அதனால் நான் கேட்பது பெரிய காசு பிடிக்கிற காரியம் ஒன்றும் இல்லை. ரேஷன் கடை, மின்வாரிய அலுவலகம், இ-சேவை மையம், பேருந்து பணிமனை, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி என்று மக்கள் வந்து நிற்கிற எல்லா இடத்திலும், கிடைக்காமல் திரும்பியவர் எத்தனை பேர், ஏன் திரும்பினார்கள் என்பதையும் எழுதுங்கள். இந்த எண்ணிக்கை கூடினால் அந்த ஊழியரைத் தண்டிக்காதீர்கள், தண்டித்தால் மறுநாளே யாரும் எழுத மாட்டார்கள். இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. கவுண்ட்டரில் இருப்பவர் தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு ஒருவருக்கு உதவினால், அது நேர்மையாக இருக்கிறவரை அவருக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும். மூத்த அதிகாரி மாதம் ஒருமுறை அப்படிக் கொடுத்த பட்டியலைப் பார்த்துக்கொள்ளட்டும், தப்பு நடந்தால் அதில் தெரிந்துவிடும்.

அப்புறம், சேர்த்த தகவல் மக்களிடமே திரும்பி வர வேண்டும். 2022 நவம்பர் 1-ஆம் தேதி முதல் நகரங்களிலும் ஏரியா சபை நடத்துகிறார்கள், கிராமத்துக்குக் கிராம சபை போல. 1956-இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் ஒரு நவம்பர் 1-தான். ஏரியா சபை கூடுகிற அன்று பெரிய திரையும் வரைபடமும் வேண்டாம். இந்த வார்டில் கேமரா எத்தனை, அது எடுக்கிறதை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், போன மாதம் எத்தனை பேர் எந்த அலுவலகத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று எழுந்து நின்று தமிழில் வாசித்தால் போதும். தப்பாக இருந்தால் உட்கார்ந்திருக்கிறவர்களே சொல்வார்கள்.

எங்கள் வார்டு ஏரியா சபையில் இதை எழுத்து மூலமாகக் கொடுக்கப் போகிறேன். மனுவைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். வேறு வார்டுகளில் கொடுக்க நினைப்பவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். உங்கள் வார்டு ரேஷன் கடையில் ரேகை விழாமல் திரும்புகிற அண்டி ஆபீஸ் அக்காமாரோ, ரப்பர் வெட்டுகிறவர்களோ, வலை இழுக்கிற அண்ணன்மாரோ இருந்தால் கையோடு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மனுவில் முதல் கையெழுத்து அவர்களுடையதாக இருக்கட்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் பெருவிரலில் மை தொட்டு வைக்கச் சொல்லுங்கள். ரேகை தெளிவாக விழாவிட்டாலும் பரவாயில்லை, அந்த மனுவில் அதுவும் ஓர் ஆதாரம்தான்.